விசில் வராத வீடு

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் கரண்டி இருந்தது. இப்போதும் இருக்கிறது. குழம்பு ஊற்றுகிற சாதாரணக் கரண்டிதான், ஆனால் காம்பின் நுனி மட்டும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். கடையில் வாங்கும்போது அந்த வளைவு கிடையாது. நாளுக்கு இரண்டு முறை, ஆறேழு வருடங்கள், குக்கர் வெயிட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கித் தூக்கி அக்கா உண்டாக்கியது அது. விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால் குக்கர் ஒரு மூச்சு விடும். வெயிட் இலேசாக ஆடும், அதன் அடியில் நீர் கொப்புளிக்கும். அந்த நொடியில் காம்பைக் கொடுத்து வெயிட்டை நூலளவு தூக்கிவிட்டால், விசிலாக வரவேண்டிய ஆவி 'ஸ்ஸ்' என்று அடங்கிப் போய்விடும். சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து என்று அக்கா மனசுக்குள் எண்ணிக்கொள்வாள். அவளுடைய வலது மணிக்கட்டின் உட்புறத்தில் வெளிறிய தழும்புகள் வரிசையாக உண்டு. யாராவது கேட்டால் தோசைக்கல் சுட்டுவிட்டது என்பாள். ஒரு தோசைக்கல் ஒருத்தியை இத்தனை முறையா சுடும் என்று திருப்பிக் கேட்டவர் யாருமில்லை.

நாங்கள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர்கள். இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா எங்களுக்கு நான்கு வருடம் முன்பே வந்து, ஊர்க்காரர்களோடு ஓர் அறையில் தங்கி, வண்டிகளுக்குத் தகடு அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு எங்களை அழைத்துக்கொண்டார். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, தங்கையான எனக்கு ஒன்பது. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, அதன் மூலையில் இடுப்புயரச் சுவருக்குப் பின்னால் அடுப்படி. அப்பா இத்தனை வருடம் கடிதத்திலும் போனிலும் 'வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொன்னபோது நானும் அக்காவும் மனசுக்குள் கட்டியிருந்த வீட்டில் நான்கு அறையாவது இருந்தது. வந்து இறங்கியதும் அக்கா உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மிச்ச வீடு எங்கப்பா?" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார்.

அக்காவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் சொன்னால்கூடத் தெருவுக்கே கேட்கும். புதுப் பள்ளியில் நாங்கள் 'அப்பா வாராக, போறாக' என்று பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்து, அவர்கள் பேசுவதை அப்படியே பேசிக் காட்டினாள். ஆறு மாதத்துக்குள் குழாயடியில் நின்று தெலுங்கும் கன்னடமும் பொறுக்கிக்கொண்டு, தண்ணீர் லாரிக்காரரிடம் மூன்று மொழியிலும் சண்டை போட்டாள். வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவர். "ஏம்மா, உன் பெரிய பொண்ணு இருக்கற வரைக்கும் இந்த லைனுக்கு மைக்செட்டே வேணாங்கோ" என்று அம்மாவைக் கேலி செய்வார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பள்ளியில் தினமும் காலை உறுதிமொழி சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். ஒருவர் சொல்ல ஆயிரம் பேர் திருப்பிச் சொல்வது. வந்து எட்டு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு அது பெரிய காரியம். அவள் வீட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். திருப்பிச் சொல்லும் ஆயிரம் பேரும் நான்தான்.

அது அப்பாவுக்கு நைட் ஷிப்டு வாரம். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு, அறையின் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குவார். பள்ளிக்கு ஏதோ விடுமுறை. அன்று முழுக்க நாங்கள் உறுதிமொழி சொன்னோம். அப்பா எழுந்து எங்களை ஒரு வார்த்தை வையவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போனவரின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் பிரஸ்ஸில் போய்விட்டன. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, "ஒரு நிமிசம் கண்ணு அசந்துருச்சு" என்று எல்லோரிடமும் அப்பா சொன்னார். சூப்பர்வைசரிடமும் அதைத்தான் சொன்னார், அம்மாவிடமும் அதைத்தான் சொன்னார்.

அம்மா ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டு எங்கள் முன்னால் தட்டை வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "பகல்ல அந்த மனுசனத் தூங்க விட்டிருந்தா இந்தக் கை போயிருக்குமா?" அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபத்தில் வந்த ஒரே ஒரு வாக்கியம், அம்மா பிறகு எப்போதும் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அக்கா அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், தொண்டை கட்டியிருக்கிறது, வேறு யாருக்காவது உறுதிமொழியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். தொண்டை எப்போது சரியாகும் என்று பள்ளியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. ஷிப்டு வேலை செய்கிறவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். ஏ ஷிப்டு என்றால் விடிவதற்குள் போக வேண்டும், ஆகையால் பொழுது சாய்ந்ததும் அப்பா படுத்துவிடுவார், மாலையில் சத்தம் கூடாது. பி ஷிப்டு என்றால் வந்து படுக்க நேரமாகும், காலையில் சத்தம் கூடாது. நைட் ஷிப்டு என்றால் பகல் முழுக்கக் கூடாது. வாரம் ஒரு முறை எல்லாம் தலைகீழாக மாறும். எந்த நேரத்தில் பார்த்தாலும் அப்பா ஏதோ ஒரு ஷிப்டின் தூக்கத்தில் இருந்தார். அம்மா ஒரு ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, எட்டு மணி வேனில் போய் இருட்டும்போது வருவாள். அதனால் அப்பாவின் தூக்கத்துக்குக் காவல் அக்காதான். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். பாத்திரம் கழுவும் இடத்தில் பழைய பாவாடையை நான்காக மடித்துப் போட்டாள். டிவியில் படம் மட்டும் ஓடும், வசனத்தை நாங்களே நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் இருவருக்கும் விரலாலேயே பேச ஒரு பாஷை உண்டாக்கினாள். மூக்கைத் தொட்டால் அம்மா, காதைத் திருகினால் வீட்டுக்கார அம்மா, வயிற்றைத் தட்டினால் பசி. சுட்டுவிரலை உதட்டில் வைப்பது மட்டும் ஊர் உலகத்துக்கே தெரிந்ததுதான், அதைத்தான் அவள் அதிகம் செய்தாள்.

முதலில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு நாள் நான் சோற்றுக் குண்டானைக் கைநழுவ விட்டேன். அது சிமெண்டுத் தரையில் உருண்டு, சுவரில் மோதி, வட்டமடித்து நின்றது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. இருவரும் அசையாமல் நின்றோம். அப்பா புரளக்கூட இல்லை. வெகு நேரம் கழித்து அக்கா என்னை வாசலுக்கு இழுத்துப் போய், "அப்பாவுக்குக் கேட்டிருக்கும். நம்ம மனசு கஷ்டப்படுமேன்னு கேக்காத மாதிரிப் படுத்திருக்காக" என்றாள். நான் நம்பினேன். அந்தப் பெருந்தன்மை எங்களை இன்னும் பெரிய குற்றவாளிகளாக்கியது. அன்றிலிருந்து நானும் பாதத்தின் ஓரத்தால் நடக்கப் பழகினேன்.

அபூர்வமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துப் போனார். மதகில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, ஆற்றில் வெள்ளை நுரை போர்வை போட்டதுபோல் மிதந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "அப்பா!" என்று பழைய குரலில் கத்தினாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நானும் சேர்ந்து கத்தினேன். அப்பா திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். அக்கா இன்னொரு முறை கூப்பிடவில்லை. அவள் அப்படிக் கத்தியதை நான் கேட்டது அதுதான் கடைசி.

பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை ஒரு பெண்ணுக்குள் என்னென்னவோ நடக்கிறது. சிரிப்பு வரும், கோபம் வரும், கதவை அறைந்து சாத்தத் தோன்றும். எங்கள் வீட்டில் வாசல் கதவை விட்டால் வேறு கதவு கிடையாது, அதையும் அறைந்து சாத்த முடியாது. அக்காவுக்குக் கோபம் வந்தால் பருப்பில் கல் பொறுக்குவாள். அழுகை வந்தால் வீட்டுக்குப் பின்னாலிருந்த குளியலறைக்குப் போய் வாளியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள், அதுவும் சன்னமாக. வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காதாம். பயந்த பிள்ளை என்று ஆசிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள், பயந்தவளிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. தண்ணீர் லாரிச் சண்டைக்கும் அவள் போவதில்லை. வீட்டுக்கார அம்மா ஒரு நாள் வாசலில் நின்று, "ஏம்மா, வீட்ல புள்ளைங்க இருக்குதா இல்லீங்களா? சத்தமே காணோமே" என்று கேட்டார். அம்மா பெருமையாகச் சிரித்தாள். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவளுக்கு நினைப்பு. அம்மாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. நாள் முழுக்க முள் குத்திய விரலோடு வந்து உட்காருகிறவளுக்கு அமைதியான பிள்ளைகள் ஒரு வரமாகத்தானே தெரிவார்கள்.

அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுத இரண்டு வாரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். மாதத் தொந்தரவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினாள். அப்பா நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தார். பதினொரு மணிக்கு மேல் வலி கூடிவிட்டது. அக்கா அடுப்படிச் சுவருக்குப் பின்னால் சுருண்டு படுத்து, துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை தரையில் சொட்டியது. அப்பாவை எழுப்பட்டுமா என்று நான் கையால் கேட்டேன். அவள் தலையை ஆட்டி மறுத்து, சுட்டுவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்குப் பதின்மூன்று வயது, விவரம் தெரியாத வயதில்லை. அப்பா இரண்டு எட்டுத் தூரத்தில் கிடந்தார். தோளில் கை வைத்து ஒரு உலுக்கு உலுக்கினால் போதும். நான் செய்யவில்லை. அப்பாவின் வலது கையிலும் விரல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு, அக்காவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

மூன்று மணிக்கு வழக்கம்போல அப்பா தானாக எழுந்து, தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். துண்டில் ரத்தம் இருந்தது. உதட்டைக் கடித்திருந்தாள். அப்பா அவளை அப்படியே தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு நர்ஸம்மா, "இவ்ளோ வலிய வச்சிக்கினு எப்படிம்மா சத்தம் போடாம இருந்த?" என்று அதட்டினார். அப்பா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கப்படி உரக்க, "வலிச்சாக் கத்திரு தாயி. வாயத் தொறந்து கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்று கெஞ்சினார். அக்கா வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சத்தம் வரவில்லை.

உயிர் பிழைத்தாள். பரீட்சை போயிற்று. புண் ஆறி நடமாட இரண்டு மாதம் ஆனது, அடுத்த தேர்வுக்கு எழுதிப் போடவா என்று அம்மா கேட்டபோது அக்கா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அம்மாவோடு ரோஜாப் பண்ணை வேனில் ஏறத் தொடங்கினாள். அதற்கு அடுத்த வருடம் அப்பாவை பெர்மனென்ட் ஆக்கினார்கள், வரிசை வீட்டை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் பேரிகை என்கிற ஊரில் காய்கறி வியாபாரம் செய்கிற குடும்பம். "பொண்ணு சத்தமே வராம நடக்குதுங்க, இந்தக் காலத்துல இப்படிப் பொண்ணு எங்க கெடைக்குது" என்று மாப்பிள்ளையின் தாயார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்து, "சம்மதமா தாயி?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் என் அக்காவின் குரல் எப்படியிருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அப்பா ஓய்வு பெற்று அதே இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். நான் பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை வருவேன். அக்கா ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். சமீபமாக அப்பாவுக்குச் சுத்தமாகக் காது கேட்பதில்லை. வயதாகிறது என்று நினைத்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு அவர் என்னிடம், "இது வயசால வந்தது இல்லைங்க, மெஷின் சத்தத்தால வந்தது. பிரஸ் ஷாப்புங்களா? இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். அப்பவே பாதிக்கு மேல போயிருக்கும், வீட்ல யாரும் கவனிக்கலீங்களா?" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா அடுப்படியில் இருந்தாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கேட்காதென்பதால் ஒரு தாளில், 'விரல் போன அன்றைக்கே உங்களுக்குக் காது கேட்காதா?' என்று எழுதி நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தாளை மடித்தார், மறுபடியும் பிரித்தார். பிறகு பேசத் தொடங்கினார். காது கேளாதவருக்கு மெதுவாகப் பேசுவது எப்படியென்று தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்ததை அவர் வீடு அதிரச் சொன்னார்.

"அன்னைக்கு நான் அசரல தாயி. முழிச்சுக்கிட்டுத்தேன் இருந்தேன். அங்கிட்டு நின்ன பய கைய எடுங்கன்னு கத்தியிருக்கான். எனக்குக் கேக்கல, அவன் மெசினு பெடல அமுக்கிட்டான். காது கேக்கலன்னு சொன்னா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருவாக. ஒங்கள எல்லாம் ஊர விட்டுக் கூட்டியாந்து எட்டு மாசந்தேன் ஆகுது. அதேன் கண்ணு அசந்துருச்சுன்னேன். ஒங்கம்மா அதப் புடிச்சுக்கிட்டா. நான் பேசாம இருந்துட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அக்கா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். குக்கர் அடுப்பில் இருந்தது. அவள் கையில் அந்தக் கரண்டி.

"பெர்மனென்ட் ஆக்குறப்ப மெடிக்கல் வச்சாக. டாக்டரு முதுகுக்குப் பின்னாடி நின்னு நம்பர் சொன்னாரு. எதுத்தாப்புல கண்ணாடி பீரோ. அவரு வாயப் பாத்துப் பாத்துச் சொல்லிட்டேன். வீட்லயும் அப்பிடித்தேன், வாயப் பாத்துத்தேன் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிருவேன். பெரியவதேன் வாயவே தொறக்க மாட்டேன்னுட்டா. அவ என்ன நெனக்கிறான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. ஒங்க சத்தத்துல ஒரு நாளும் நான் முழிச்சதில்ல தாயி. முழிச்சிருந்தா நல்லாருந்துருக்கும்."

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. கழுத்து சுருங்கி, பாதி விரல்களால் தாளைத் தடவிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுமையை அவர் தனியாகச் சுமந்தார் என்று நினைத்திருக்கிறார். அதில் பாதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

அடுப்படியில் குக்கர் அந்தச் சின்ன மூச்சை விட்டது. வெயிட் ஆடியது. அக்காவின் கை பழக்கத்தில் தானாக மேலே போனது. காம்பு வெயிட்டைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டது. விசில் எழுந்தது. விரல் போன நாளுக்குப் பிறகு அக்காவின் அடுப்பில் நான் கேட்ட முதல் விசில், ஓடு பிய்ந்து போகிற மாதிரி நீளமாக வந்து அடங்கியது. அக்கா கரண்டியை மேடையில் வைத்தாள், வைத்த சத்தமும் கேட்டது. இரண்டாவது விசில் வந்தது. மூன்றாவது வந்தது. சோற்றுக்கு மூன்று போதும். அவள் அடுப்பை அணைக்கவில்லை. நானும் எழுந்து போகவில்லை. எட்டோ ஒன்பதோ விசில் வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை.

அப்பா தலையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "என்னமோ அடிப்புடிக்கிற வாட வருதே தாயி. ஒங்கக்காளக் கூப்புடு" என்றார்.

"அக்கா!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. விசில் சத்தத்தில் கேட்டிருக்காது.